தொடக்கப் பள்ளியில் நடக்கும் தில்லுமுல்லுகள்!

ஜூன் பிறந்ததும் பள்ளிக்கூடம் திறக்கிறது. புது யூனிஃபார்ம், புதுப் பை, கேட்டருகே ஒரு ரோஜாப்பூ, ஒரு சாக்லேட், அம்மாவின் சேலையை விடாமல் ஓர் அழுகை. நாம் எல்லோரும் பார்த்த காட்சிதான். ஆனால் அதற்கு முந்தைய சனிக்கிழமை, சாத்திய கதவுக்குப் பின்னால் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று யாராவது எட்டிப் பார்த்திருக்கிறோமா? நான் பார்த்துவிட்டேன்! யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நடப்பது அத்தனையும் தில்லுமுல்லு. அப்பட்டமான, திட்டமிட்ட, அழகான தில்லுமுல்லு. ஒரு குழந்தை முதல் நாள் அழாமல் உட்காருகிறதா? மூன்றாம் நாள் அதற்கு ஒரு சேக்காளி கிடைத்துவிட்டாளா? பத்தாம் நாள் காய்ச்சலோடும் "நான் ஸ்கூலுக்குப் போவேன்" என்று அடம்பிடிக்கிறதா? எல்லாம் தானாக நடந்தது போலத்தான் தெரியும். தானாக எதுவும் நடக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு டீச்சரின் சதி இருக்கிறது.

இடம், திருப்பூருக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. நாலாவதும் அஞ்சாவதும் ஹெச்.எம். கையில்; ஒன்றிலிருந்து மூன்று வரை ஒரே அறை, ஒரே டீச்சர். பெயர் போடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தின் பேரில் என்னை உள்ளே விட்டார். விட்ட கையோடு ஒரு மூட்டையைக் காட்டினார்.

"சும்மா நிக்காதீங்க. அந்தத் துணியையெல்லாம் கலர் கலராப் பிரிச்சு வைங்க பார்க்கலாம்."

மூட்டைக்குள் பனியன் கம்பெனி வேஸ்ட் துணி. வேறு ஊர் டீச்சர்கள் கடையில் காசு கொடுத்து வாங்குவதெல்லாம் திருப்பூரில் குப்பையாகக் கிடைக்கிறது! கட்டிங்கில் விழுந்த துண்டுகள் பொம்மைக்குச் சட்டையாகின்றன, பாய்க்கு மேல் போடும் குட்டி மெத்தைகளாகின்றன. நூல் சுற்றி வரும் காகிதக் கோன் இருக்கிறதே, அதைக் கவிழ்த்து வைத்து இரண்டு கண் வரைந்தால் ராஜா. ஒரு துண்டுத் துணியைச் சுற்றினால் ராணி. வாயைக் கொஞ்சம் கோணலாக வரைந்தால் மந்திரி. ஜன்னல் திட்டு முழுக்க அப்படி ஓர் அரசவையே வரிசை கட்டி நின்றது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி சமையற்கட்டு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்த அறை. எல்லாம் பாதியில், எல்லாம் தரையில், ஆனால் எது எங்கே இருக்கிறதென்று ஒரே ஒருத்தருக்குத் துல்லியமாகத் தெரியும்.

அலங்காரம்தான் ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். டீச்சரின் உண்மையான ஆயுதம் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. நீளமான, கருப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு.

கெஞ்சிக் கூத்தாடித்தான் அதைப் புரட்ட முடிந்தது. கோடை விடுமுறைக்கு முன்பே மாணவர் சேர்க்கைக்காகத் தெருத்தெருவாகப் போகிறார்கள் அல்லவா, அப்போது எழுதியது. அரசாங்கப் படிவத்தில் கேட்கும் பிறந்த தேதி, ஆதார் எண் எல்லாம் வேறு இடத்தில். இந்த நோட்டில் இருப்பது வேறு மாதிரி: "வீட்ல கூப்பிடறது குட்டி. நாய்னா பயம். இடது கை." "பெரிய பேச்சு, ஆனா புது ஆள் வந்தா கட்டிலுக்கு அடியில்." "தங்கச்சிப் பாப்பா பிறந்து ரெண்டு மாசம். அம்மா மடி இப்போ இவனுக்கு இல்லை." "சேவல் வளர்க்கிறான். அதுக்குக் கால்ல அடி."

அந்தக் கடைசி வரிக்கு என்ன பயன் தெரியுமா? முதல் நாள் காலை, அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்து நிற்பான் அந்தப் பையன். டீச்சர் அவனைக் கொஞ்சவும் மாட்டார், இழுக்கவும் மாட்டார். சும்மா போகிற போக்கில், "ஏங்கண்ணு, உங்க சேவலுக்குக் கால் சரியாயிடுச்சா?" என்பார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு கண் வெளியே வரும். இந்த அம்மாவுக்கு நம்ம சேவலை எப்படித் தெரியும்? அடுத்த நிமிடம் சேவலின் மருத்துவ வரலாறு முழுவதையும் அவன் சொல்லிக்கொண்டிருப்பான். அவன் அம்மா பனியன் கம்பெனி வண்டியைப் பிடிக்க நடையைக் கட்டியிருப்பார்.

"மாயமந்திரம்னு நினைச்சுக்குவாங்க. நினைச்சுக்கட்டும், நல்லதுதானே" என்று நோட்டைப் பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.

அடுத்தது வாசல். 2017-ல் அமெரிக்காவின் ஷார்லட் நகரத்தில் பேரி வைட் என்ற ஐந்தாம் வகுப்பு ஆசிரியர், ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக ஒரு கைகுலுக்கல் வைத்துக்கொண்டு வாசலில் நின்று வரவேற்ற வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. முழங்கையால் ஓர் இடி, காலால் ஒரு தட்டு, சுற்றி ஒரு ஆட்டம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வகை. அத்தனையும் அவருக்கு மனப்பாடம். அதைத் தொடர்ந்து வாசலில் படம் ஒட்டிவைத்து, கட்டிப்பிடிக்கவா, கை தட்டவா, ஆடவா என்று குழந்தையையே தேர்ந்தெடுக்க விடும் வழக்கம் நம்மூர்ப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. இந்த டீச்சரும் ஒட்டிப் பார்த்திருக்கிறார்.

"கட்டிப்பிடிக்கிற படத்தை ஒருத்தனும் தொடலைங்க. வெக்கம்! எல்லாரும் வணக்கம் படத்தையே தொட்டுட்டு ஓடிப்போயிட்டாங்க."

என்ன செய்தார்? கொங்கு நாட்டுக்காரர், கையில் கும்மி இருக்கிறதே! ஊர்க் கோயில் திடலெல்லாம் இப்போது வள்ளி கும்மி அரங்கேற்றம். பெரியவர்கள் பயிற்சி எடுக்கும்போது ஓரத்தில் நின்று பார்த்தே குழந்தைகளுக்கு அடவு தெரியும். ஆண்கள் மட்டுமே ஆடிக்கொண்டிருந்த இந்த ஆட்டத்தில் பெண்களையும் சேர்த்துப் பழக்கிய கோவைப் பக்கத்துப் பெரியவர் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ விருதே கொடுத்தார்கள். அந்தக் கும்மியிலிருந்து ஒரே ஓர் அடி: முன்னால் குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, டீச்சரின் உள்ளங்கையில் ஒரு தட்டு, உள்ளே போ. அவ்வளவுதான் காலை வணக்கம். குனியும்போது டீச்சரின் முகமும் குழந்தையின் முகமும் ஒரே உயரத்துக்கு வருகின்றன. அந்த ஒரு நொடியில் யாருக்குக் காய்ச்சல், யார் அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள், யார் காலையில் சாப்பிடவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆட்டம் என்று குழந்தை நினைத்துக்கொண்டிருக்கிறது. நடப்பது சோதனைச் சாவடி!

வாசலில் நின்று வரவேற்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அங்குள்ள நடுநிலை வகுப்புகளில் ஆசிரியர்கள் வாசலிலேயே பெயர் சொல்லி வரவேற்றபோது பாடத்தில் ஈடுபாடு கூடியது, இடைஞ்சல் குறைந்தது. நான் இதை டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். "அதுக்கு ஆராய்ச்சி வேறயா?" என்று கேட்டுவிட்டுக் கோனுக்குக் கண் வரையப் போய்விட்டார்.

உட்காரும் விஷயத்துக்கு வருவோம். இங்கே தமிழ்நாட்டுக்கென்றே ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனசில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் செயல்வழிக் கற்றலைத் தொடங்கிவைத்தார். ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையிலிருந்து கிளைத்தது அது. 2007-08 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவியது. வந்த வேகத்தில் வகுப்பறையின் உயரத்தையே அது மாற்றிவிட்டது! டீச்சர் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கரும்பலகைக் கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல்: அறையின் குறுக்கே கட்டிய கம்பிகளில் குழந்தைகள் வரைந்தது, எழுதியது, மடித்தது எல்லாம் தொங்கும். வாசலருகே காலநிலை அட்டவணை, ஆரோக்கியச் சக்கரம், சுய வருகைப் பதிவேடு. "உள்ளேன் ஐயா" சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை. நீயே வந்து நீயே உன் வருகையைப் பதிந்துகொள்ளலாம்.

திட்டங்கள் மாறின. 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகள் நிலைவாரியாகப் பிரிந்து கற்கிறார்கள். கதைக்களம், பாடல் களம், பொம்மலாட்டக் களம் என்று மூலைகளுக்குப் பெயர் வந்தது. ஆனால் பழைய கம்பிப் பந்தலை இந்த டீச்சர் கழற்றவே இல்லை. அங்கேதான் அடுத்த சதி. எந்தப் படம் எந்த இடத்தில் தொங்க வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நன்றாக வரைகிற பிள்ளையின் படம் ஓரத்தில். கிறுக்கல் மட்டுமே வருகிற பிள்ளையின் படம் வாசலுக்கு நேர் எதிரே. யார் உள்ளே வந்தாலும், வட்டாரக் கல்வி அலுவலரே வந்தாலும், முதலில் கண்ணில் படுவது அந்தக் கிறுக்கல்தான். வந்தவர் ஒரு மரியாதைக்காவது "அட, இது யார் வரைஞ்சது?" என்று கேட்பார். கேட்டேதான் ஆக வேண்டும். அது அங்கே தொங்குவதே அதற்காகத்தான்.

வருகைப் பதிவேட்டிலும் கை வைத்திருக்கிறார். துணியில் தைத்த பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயரட்டை. வந்ததும் அட்டையை எடுத்துப் படம் தெரிய திருப்பிச் செருக வேண்டும். அகர வரிசை கிடையாது. ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேரின் பைகள் பக்கத்துப் பக்கத்தில். தினமும் காலையில் தோள் உரச நின்றே ஆக வேண்டும். "எத்தனை நாளைக்குத்தான் மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க?"

ப வடிவ இருக்கையைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியுமா? ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன் என்ற மலையாளப் படத்தில் கடைசி பெஞ்சே இல்லாத ஒரு வகுப்பைக் காட்டப் போக, கேரளப் பள்ளிகள் சில அதைப் பின்பற்றின. 2025-ல் தமிழ்நாட்டுக்கும் அந்தப் பேச்சு வந்தது. கூடவே கழுத்து வலிக்காதா, பலகை தெரியுமா என்ற விவாதமும் வந்தது. டீச்சர் சிரித்தார். தரையில் பாய் போட்டு உட்காரும் வகுப்பில் ஏது கடைசி பெஞ்ச்? "பெஞ்ச் போட்ட நாலாவது, அஞ்சாவதுலதான் அந்தப் பிரச்சினை. எங்களுக்கு வட்டம்தான். வட்டத்துல யாருங்க கடைசி?" என் கருத்தைக் கேட்டால், வடிவம் எதுவானாலும் டீச்சர் எங்கே உட்காருகிறார் என்பதைப் பார்த்தால் போதும். இவர் ஒவ்வொரு நாளும் வேறு வேறு குழந்தையின் பக்கத்தில் உட்காருகிறார். யார் பக்கத்தில் என்பதை அந்தக் கருப்பு நோட்டு முடிவு செய்கிறது.

இப்போது அரசியலுக்கு வருவோம். ஆமாம், அரசியல்!

பல தொடக்கப் பள்ளிகளில் மாணவர் அமைச்சரவை உண்டு. முதலமைச்சர், சுகாதாரம், உணவு, கல்வி என்று ஏழெட்டுப் பேர் பதவி ஏற்பார்கள்; மீதிப் பேர் கை தட்டுவார்கள். கை தட்டுகிறவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள்தான். இந்த வகுப்பில் அந்தப் பேச்சே இல்லை. எத்தனை பிள்ளைகளோ அத்தனை மந்திரிகள். செருப்பு மந்திரி, வாசலில் செருப்புகளை ஜோடி சேர்ப்பவர். பென்சில் சீவும் மந்திரி. தண்ணீர் மந்திரி, அரை மணிக்கொரு முறை "குடிச்சியா?" என்று எல்லோரையும் மிரட்டுபவர். ஃபேன் மந்திரி, சுவிட்சுக்கு எட்டாவிட்டால் எட்டுகிற ஆளைக் கூப்பிட அதிகாரம் பெற்றவர். எறும்பு மந்திரியும் உண்டு. சாப்பிட்ட இடத்தில் பருக்கை கிடந்தால் எறும்பு வருவதற்குள் எடுப்பது அவர் இலாகா. பாட்டு மந்திரி, ஜன்னல் மந்திரி, பல்லி மந்திரி. பல்லி மந்திரிக்கு என்ன வேலை என்று கேட்டேன். பல்லி வந்தால் பயப்படுகிறவர்களுக்குத் துணையாக நிற்க வேண்டுமாம்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆட்சி கவிழும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் துண்டுச் சீட்டுகள். டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விடுவார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஆகா, இந்த வாரம் வரவேற்பு மந்திரி யார் தெரியுமா... வகுப்பிலேயே வாய் திறக்காத அந்தச் சின்னப் பெண்! என்ன அதிர்ஷ்டம்!

அதிர்ஷ்டமாவது மண்ணாவது. எல்லாச் சீட்டும் சுருட்டியவை. அந்தப் பெண்ணின் சீட்டு மட்டும் சதுரமாக மடித்தது. விரலுக்குத் தெரியாதா என்ன? "நான் கூப்பிட்டுக் குடுத்தா, 'டீச்சர் பாவம்னு குடுத்தாங்க'ன்னு அதுக்கே தெரிஞ்சுடும். சாமி குடுத்ததா இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளிகூடக் குற்ற உணர்ச்சி இல்லை. நான் எழுந்து நின்று கை தட்டினேன்.

விளையாட்டு நேரம் வந்தால் டீச்சரின் சூழ்ச்சிகளெல்லாம் தோற்றுப்போகும் இடமும் வந்துவிடுகிறது. மரத்தடியில் ஐந்து பேர் சேர்ந்ததும் முதலில் பிறக்கும் சட்டம், "உன்னைச் சேத்துக்க மாட்டோம்." கூடவே "உன்கூட டூ." சின்ன விரல் நீளும். மறுநாள் பழம் விடுவதற்குள் ஒரு சின்ன நெஞ்சு எவ்வளவு பாடுபடும் என்பது பழம் விட்டு வளர்ந்த நம் எல்லோருக்கும் தெரியும்.

சிகாகோவில் பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியில் மழலை வகுப்பு ஆசிரியையாக இருந்த விவியன் பேலி இந்த ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டார். வகுப்பில் ஒரு சட்டம் போட்டால் என்ன? யாரும் யாரையும் பார்த்து 'நீ விளையாட வராதே' என்று சொல்லக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். அவர் அதை உடனே போட்டுவிடவில்லை. தன் குழந்தைகளோடு பேசினார். மேல் வகுப்புகளுக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளிடமும் நியாயம் கேட்டார். சட்டம் நியாயம்தான், ஆனால் நடக்காது என்று பெரிய பிள்ளைகள் பலர் சொன்னார்கள். போட்டுப் பார்த்தார். நடந்தது! 1992-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். எனக்கு இதில் பிடித்தது, ஆறு வயதுக் குழந்தைகளின் சண்டையை ஒரு பாராளுமன்ற விவாதம் போல அவர் மதித்ததுதான்.

நம்மிடம் இந்தச் சட்டத்துக்குச் சொந்தமாகவே ஒரு வழி இருந்தது. ஒப்புக்குச் சப்பாணி! ஆட்டம் தெரியாத தம்பி தங்கைகளை விரட்டாமல், அவுட் ஆக்காமல், உள்ளே ஓடவிடும் ஏற்பாடு. பெயரில்தான் ஒரு முள். உடம்பில் குறையுள்ள பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. ஏற்பாட்டை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் தூக்கிவிட்டார் டீச்சர். இந்த வகுப்பில் அப்படி உள்ளே வருகிறவருக்குப் பட்டம் 'சக்கரவர்த்தி'. சக்கரவர்த்தியை யாரும் அவுட் ஆக்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் எந்தக் கட்சியிலும் சேரலாம். என்ன ஆயிற்று? எல்லோருக்கும் சக்கரவர்த்தியாக ஆசை வந்துவிட்டது! ஓட்டத்தில் கெட்டிக்காரன் ஒருவன் கால் வலிக்கிறதென்று நொண்டிக்கொண்டே வந்து பட்டம் கேட்டான். இப்போது அதற்கும் முறை வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து யார்க் நகரத்தில் ஒரு சின்னப் பையன் யோசனை சொல்லி, 2013 வாக்கில் பள்ளி மைதானத்தில் 'நண்பன் பெஞ்ச்' போட்டார்கள். விளையாடத் துணை இல்லாதவர்கள் அதில் போய் உட்கார்ந்தால் யாராவது வந்து அழைப்பார்கள். இங்கே வேப்பமரத்தடித் திண்ணையை அதற்கு ஒதுக்கிப் பார்த்தார்கள். யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எனக்கு ஆளில்லை என்று ஊருக்கே சொல்வதாகிவிடாதா? நல்ல யோசனைதான், ஆனால் குழந்தையின் ரோஷத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். டீச்சர் திண்ணையை அப்படியே விட்டுவிட்டு அதில் புளியங்கொட்டைகளும் தாயக்கட்டமும் வைத்தார். இப்போது அது விளையாடும் இடம். தனியாக இருக்கிறவர் அங்கே போவது புளியங்கொட்டைக்காக. துணைக்காக என்று யார் கண்டது?

பள்ளிக்கென்று ஒரு 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது, புகார் போட. அதன் பக்கத்தில் டீச்சர் இன்னொரு டப்பா வைத்திருக்கிறார்: யாராவது உனக்கு நல்லது செய்தால் அதைப் போடு. எழுதத் தெரியாதவர்கள் வரைந்து போடுகிறார்கள். பாதிப் படங்கள் பென்சில் கடன் கொடுத்தது பற்றி. ஒன்றில் ஓர் ஆள் இன்னொரு ஆளின் மூக்கைத் துடைக்கிறார்.

மேசைக்கு அடியில் பழைய சேலையைத் தொங்கவிட்டு ஒரு குகை. அழுகை வந்தால், கோபம் வந்தால், தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளலாம். யாரும் ஏனென்று கேட்கக் கூடாது. தண்டனைக்கு யாரையும் அங்கே அனுப்புவதில்லை. அனுப்பினால் அன்றோடு அது சிறை. வாசிப்பு இயக்கத்தின் குட்டிப் புத்தகங்களும் அங்கேதான். நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்தவை. அழப் போனவர் சிரித்துக்கொண்டே வெளியே வருவதற்கு அதுதான் காரணம் என்று டீச்சர் சந்தேகிக்கிறார்.

திருப்பூர் என்றாலே வேலைக்கு வந்தவர்களின் ஊர். ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இதே பாயில் உட்காருகிறார்கள். ஒரு வார்த்தை புரியாத அறையில் ஆறு வயதில் உட்கார்ந்து பாருங்கள்! டீச்சர் செய்த முதல் காரியம், அந்தப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் தான் அந்தப் பிள்ளையிடம் பாடம் கேட்டது. எல்லோர் முன்னாலும் தரையில் உட்கார்ந்து, சொம்பைக் காட்டி, "இதுக்கு உங்க ஊர்ல என்ன?" தண்ணீருக்குப் பாணி, சோற்றுக்குப் பாத். டீச்சர் வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொல்வார். ஒடியாப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்துத் திருத்தும். வகுப்பே திரும்பச் சொல்லும். ஒரு வாரத்துக்கு அறையில் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான்.

பெண்பிள்ளைகள் சோறு ஆக்கி விளையாடும்போது இப்போது இரண்டு பாஷையிலும் ஆக்குகிறார்கள். ஒரு தாய் வாட்ஸப்பில் தன் ஊர்த் தாலாட்டைப் பாடி அனுப்பினார். தறியில் இராப்பணி முடித்து வந்து பாடியதாம். அதை டீச்சர் மத்தியானத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். ஒரு வார்த்தையும் புரியாமல் வகுப்பில் பாதி தூங்கிவிட்டது. தாலாட்டு வேலை செய்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்!

சாப்பாட்டையும் விட்டுவைக்கவில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, எதுவானாலும் டீச்சரும் ஒரு தட்டோடு வந்து நடுவில் உட்கார்ந்துவிடுகிறார். 'டோட்டோ-சான்' புத்தகத்தில் வரும் ஜப்பானின் டோமோயி பள்ளியில் தலைமையாசிரியர் கோபயாஷி, மதியப் பெட்டியில் கடலிலிருந்து கொஞ்சமும் மலையிலிருந்து கொஞ்சமும் இருக்கிறதா என்று சுற்றிவந்து பார்ப்பாராம். இங்கே எல்லோருக்கும் ஒரே தட்டு, ஒரே உப்புமா. அதனால் டீச்சரின் கேள்வி வேறு: "உங்க வீட்ல இதுக்குத் தொட்டுக்க என்ன?" சர்க்கரை, ஊறுகாய், வாழைப்பழம், நேற்று வைத்த கறிக்குழம்பு! பெரும் சண்டை. சர்க்கரைக் கட்சி வலுவானது. அந்தச் சண்டையில் எல்லோர் வீடும் ஒரு தடவை வகுப்புக்குள் வந்து போய்விடுகிறது. சமைக்கும் மகளிர் குழு அக்காவையும் பிள்ளைகள் பெயர் சொல்லி, அக்கா போட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்பது விதி; அவருக்கும் எல்லோர் பெயரும் தெரியும். யார் இரண்டாம் தடவை கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்பதும் தெரியும். அந்தத் தகவல் கருப்பு நோட்டுக்கு வந்துவிடுகிறது. உளவுத்துறை அவ்வளவு பலம்!

இவ்வளவுக்கும் செலவு? துணி இனாம், கோன் இனாம், சேலை டீச்சருடையது. பீரோவும் நாற்காலியும் ஊர்க்காரர்கள் கல்விச் சீர் என்று தாரை தப்பட்டையோடு தட்டில் வைத்துக் கொண்டுவந்தவை. கடையில் விற்கும் பளபள சார்ட்டுகள் ஒன்றுகூட இல்லை. "அதையெல்லாம் ஒட்டினா ரூம் கடை மாதிரி ஆயிடும். பிள்ளைங்க தொட மாட்டாங்க."

கிளம்பும் நேரத்தில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்குவதைப் பார்த்தேன். உள்ளே ஒரு தட்டு, ஒரு தம்ளர், எழுதாத ஒரு பெயரட்டை, ஒரு பென்சில், ஒரு கோன் பொம்மை. வருகைப் பதிவேட்டிலும் சில பைகள் காலியாகவே தைத்திருந்தன. இந்த ஊரில் சேர்க்கை ஜூனோடு முடிவதில்லை. நவம்பரில் ஒருநாள் காலை பத்தரைக்கு, பையும் இல்லாமல் சிலேட்டும் இல்லாமல், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை வந்து நிற்கும். அந்தப் பிள்ளைக்கு இங்கே ஏற்கெனவே ஒரு தட்டு இருக்க வேண்டும்.

பள்ளி திறந்த பிறகு மறுபடியும் போயிருந்தபோது, அப்படி ஒரு வரவை நேரிலேயே பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. பீகார்ப் பையன். அன்றைய வரவேற்பு மந்திரி ஒரு இரண்டாம் வகுப்புக்காரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தாள். புதுப் பிள்ளைக்கு முதலில் பலகையைக் காட்டுவதில்லை, பாடத்தையும் காட்டுவதில்லை. முதலில் பாத்ரூம், அடுத்து தண்ணீர்க் குழாய், அப்புறம் மைதானம் என்பதுதான் முறை. அவள் அவன் கையைப் பிடித்து வாசல் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து எறும்பு மந்திரியின் குரல் உச்சத்தில் வந்தது.

"டீச்சர்! கட்டெறும்பு இருக்கிற மரத்தை நான்தான் காட்டணும்! அது என் இலாகா டீச்சர்!"